அக்கா பார்க்காத படம்

டிசம்பர் 28, காலை ஆறு மணி. வவுனியா பஸ் நிலையத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. திருகோணமலைக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், ஆளுக்கு முந்நூற்று நாற்பது ரூபாய். விடுமுறைக் காலமென்பதால் பஸ் புறப்படும் முன்பே நிரம்பிவிட்டது. என் அக்கா பரமேஸ்வரி யன்னல் கரையில் இருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதை மேலே வைக்கச் சொன்னேன். "சாமிச் சாமான், காலுக்கு மேல வைக்க ஏலாது, தலைக்கு மேலயும் வைக்க ஏலாது" என்றாள். மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

வழக்கமாக நான் ஊர் பார்க்கத்தான் பயணம் போவேன், வந்து எழுதுவேன். இந்த முறை ஊர் பார்க்கப் போகவில்லை. அக்காவின் ஒரே மகன் கபிலனுடைய கலியாணம் நடக்கலாமா, கூடாதா என்று வெருகல் முருகனிடம் கேட்கப் போனோம்.

கபிலன் ஈச்சிலம்பற்றில் கணித வாத்தியார். திருகோணமலை நகரத்திலிருந்து தெற்கே, வெருகலுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஊர். நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறான். அங்கேயே வேலை செய்யும் மருத்துவிச்சி சுகிர்தாவைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று ஆவணியில் தாயிடம் சாடையாகச் சொன்னான். "பாப்பம்" என்றாள் அக்கா. பெண் வீட்டார் வந்து கேட்கட்டும் என்பது அதன் பொருள். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. அவர்கள் வெற்றிலை பாக்குப் பழத்தட்டோடு வந்து மாப்பிள்ளை கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் தட்டைக் கையில் வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் தட்டு மேசையில் கிடக்கும், வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போக வேண்டியதுதான். நாலு மாதமாக அக்கா அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தாள். வருகிறவர்கள் குந்த, வாசலுக்கு இரண்டு புதுக் கதிரைகூட வாங்கிப் போட்டாள்.

தட்டு வரவில்லை, படம் வந்தது. டிசம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில் கபிலன் ஒரு முழங்காலை மணலில் ஊன்றி மோதிரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். எதிரே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நண்பர்கள் கைதட்டுகிறார்கள். பின்னால் ஒரு மான் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்க்கிறது. யாரோ ஒரு நண்பன் அதை எடுத்து, அன்றிரவே முகநூலில் போட்டுவிட்டான்.

அக்கா அப்போது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கைபேசியோடு வந்து, "வாழ்த்துகள் அன்ரி" என்றது. எதற்கென்று அக்கா கேட்டாள். பிள்ளை படத்தை நீட்டியது. "கையில மீன்" என்று சொல்லிவிட்டு அக்கா குனிந்துகொண்டாள். அந்த மீனைக் கழுவி, காய்ச்சி, தின்றும் முடித்தாயிற்று. படத்தை மட்டும் அவள் இன்னும் பார்க்கவில்லை. ஊரெல்லாம் பார்த்துவிட்டது.

மகன் தொலைபேசியில் கெஞ்சினான். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை சொன்னாள். வெருகலில் பூ வைத்துப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பது. "அவையின்ர ஊர்ச் சாமியிட்டயே கேப்பம். பிறகு ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல ஏலாது" என்றாள். என் அக்கா படித்தது எட்டாம் வகுப்புத்தான். ஆனாலும் ஒரு வழக்கறிஞர் அவளிடம் பாடம் கேட்கலாம்.

ஹொரவப்பொத்தானையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பிளேன்ரீ அறுபது ரூபாய். அக்கா குடிக்கவில்லை. கடைக்கூரையில் ஒரு பல்லி சொன்னதாம். "எந்தப் பக்கம் சொன்னது, கேட்டனியே?" என்றாள். எனக்குக் கேட்டது வடை பொரிகிற சத்தம் மட்டும்.

ஒன்பதரை மணிக்குத் திருகோணமலை. கபிலன் குடையோடு நின்றான். நாலு நாளில் மெலிந்திருந்தான், முகத்தில் சவரம் இல்லை. "அம்மா" என்று பைக்குக் கை நீட்டினான். அக்கா பையை என்னிடம் தந்துவிட்டுக் குடைக்கு வெளியே நடந்தாள். அவன் குடையைப் பிடித்தபடி அவள் பின்னால் ஓடினான். அவளும் நனைந்தாள், அவனும் நனைந்தான். குடை மட்டும் ஒருவர் தலைக்கும் மேல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

உட்துறைமுக வீதியில் அறை எடுத்திருந்தான். மற்ற நாட்களில் நாலாயிரம், இப்போது ஏழாயிரம். யன்னலைத் திறந்தால் துறைமுகம். சுற்றிவர மலை, நடுவே ஈயத் தகடு போல் தண்ணீர், மழைக்குள் இரண்டு கப்பல்கள். வெளிக்கடல் மார்கழியில் கொந்தளித்துக்கொண்டிருக்க, உள்ளே அலையே இல்லை. காற்றடிக்கும் மாதத்தில் கப்பல்கள் இங்கே ஒதுங்குவது ஏனென்று பார்த்தவுடன் விளங்கும். அக்கா யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள்.

பின்னேரம் மழை விட்டது. கபிலன் என்னை மட்டும் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். கோட்டைக்குக் கிட்டேயுள்ள அந்த வளைந்த கரையில் சனம் நிறைந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த குடும்பங்கள், வறுத்த கச்சான் கடலை விற்பவர்கள், பட்டம் விடுகிறவர்கள். மான்கள் ஆடுமாடு போல் சனத்துக்குள் திரிந்து சோளப்பொத்தி உரித்த தோலைத் தின்றன. அவை கோட்டைக்குள் இருந்து இறங்கி வருபவை, இங்கே ஒருவருக்கும் அவை புதினமில்லை.

"இதிலதான் சின்னம்மா" என்று ஒரு இடத்தைக் காட்டினான். நான் பார்த்தேன். மணல்தான் இருந்தது.

"அம்மாவிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேடா."

"பெடியள் திடீரெண்டு ஒழுங்கு செய்திட்டாங்கள். படம் போடப் போறாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. காலமை எழும்பிப் பாக்க முந்நூறு பேர் வாழ்த்தியிருக்கினம்."

"நாளைக்கு முருகன் மாட்டன் எண்டு சொன்னால்?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா இல்லாமல் நான் கட்ட மாட்டன் எண்டு சுகிர்தாவிட்டச் சொல்லிட்டன். அப்பா போனாப் பிறகு என்னை ஆர் வளத்தது? அவவும் சரியெண்டுட்டா. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணின மாதிரி. அதுதான் பயமாக் கிடக்கு."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு சத்தியமா என்று எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது ரூபாய்க்குக் கச்சான் வாங்கினோம். ஒருவரும் தின்னவில்லை.

டிசம்பர் 29, காலை ஏழு மணி. வெருகல் கிட்டத்தட்ட எழுபது கிலோமீற்றர். போய்வரப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிண்ணியா நிசார் நானாவின் சின்ன வான் பேசியிருந்தோம். ஐம்பது வயதிருக்கும், தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, ஓட்டுவதைவிடக் கதைப்பதில் அதிக விருப்பமுள்ள மனிதர். சீனன்குடா தாண்டி, கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் கடல் நீர். கீழே தோணிகளில் வலை தட்டிக்கொண்டிருந்தார்கள். பாலம் வருமுன் இந்த இடத்தில் பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் படகில், மணிக்கணக்காகக் காத்திருந்ததைச் சொன்னார்.

"கோயிலுக்கா போறீங்க?"

"ஓம், ஒரு கலியாண விசயமா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல விசயம். எங்கட பக்கமும் பொண்ணு வீட்டாக்கள்தான் மாப்பிள கேட்டுப் போற. உங்களுக்கும் அப்படித்தானே. வந்து கேட்டுட்டாங்களா?"

கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்த நிசார் நானா, மூதூர் வரும்வரை மழையைப் பற்றி மட்டும் கதைத்தார்.

மூதூரில் எருமைத் தயிர்ச் சட்டிகள் வீதியோரம் அடுக்கியிருந்தன. தோப்பூர் தாண்டி வயல்வெளி. ஒரு தாழ்ந்த இடத்தில் வீதியே தெரியவில்லை, வயலும் வீதியும் ஒரே தண்ணீர். முன்னால் ஒரு உழவு இயந்திரம் சில்லு மூழ்க மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியே" என்றாள் அக்கா என்னிடம், "வழியே மறிக்குது. சாமி இஞ்சயே சொல்லுறார்."

கபிலன் முன் ஆசனத்தில் இருந்து திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நிசார் நானா இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "முழங்காலுக்குக் கீழதான் உம்மா. இது ஒவ்வொரு மார்கழியும் வாற தண்ணி. உங்களுக்கெண்டு வந்ததில்ல." அவர் வானை உழவு இயந்திரத்தின் தடத்திலேயே விட்டார். கதவு இடுக்கால் தண்ணீர் வந்து என் செருப்பை நனைத்தது. அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மறுகரை ஏறியதும் நான்தான் முதலில் மூச்சு விட்டேன்.

பத்து மணிக்கு வெருகல். ஆறு இரு கரையும் முட்டிச் செந்நிறமாக ஓடியது. கோயிலில் சனமில்லை. வாசலில் சுகிர்தாவும் அவளுடைய தகப்பன் இராசையாவும் நின்றார்கள். தாய் இல்லை, மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். இராசையா மழைக்காலத்தில் வயலும் மற்றக் காலத்தில் கடலுமாக இருக்கிறவர், கருத்த, பெரிய கைகள். அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. "வாங்கோ அன்ரி" என்றாள் சுகிர்தா. மாநிறம், நிமிர்ந்த நடை, விரலில் மோதிரம் இல்லை. வேண்டுமென்றே கழற்றியிருக்கிறாள் என்று விளங்கியது. அக்காவும் அந்த விரலைத்தான் பார்த்தாள்.

ஐயர் இரண்டு அலரிப் பூக்களை, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டினார். வேலின் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். எல்லோரும் கண்ணை மூடி வேண்டினோம்.

"ஆர் எடுக்கிறது?"

"தங்கச்சி எடுக்கட்டும்" என்றாள் அக்கா. "இவவுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டுதான்."

ஒன்றா? இரவு முழுக்க அந்தப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு படுத்தவள் நான். வெள்ளை, வெள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கை நீட்டினேன். இடது பக்கப் பொட்டலத்தை எடுத்து ஐயரிடம் கொடுத்தேன். அவர் நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கபிலன் தூணில் சாய்ந்தான். அதே நேரம் இராசையா தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "முருகா, என்ர அப்பனே" என்று நிலத்தில் விழுந்து கும்பிட்டார். எழும்பியபோது முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்பும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என்ன நினைச்சு வைச்சனீங்கள்?"

"வெள்ளையெண்டால் சம்மதம், சிவப்பெண்டால் விடுறது" என்றாள் அக்கா. "எல்லா இடமும் அதுதானே."

இராசையாவின் சிரிப்பு நின்றது. "இல்லைத் தங்கச்சி. இஞ்ச சிவப்புத்தான் சம்மதம். வேலவருக்கு உகந்தது சிவப்பு. வெள்ளை வந்தால்தான் நாங்க விடுற."

"ரெண்டு பகுதியும் கதைச்சு முடிச்சுப்போட்டு வந்திருப்பியள் எண்டல்லோ நான் நினைச்சன்" என்றார் ஐயர்.

கதைத்திருந்தால் ஏன் இங்கே வருகிறோம்? நாலு மாதமாக இரண்டு குடும்பமும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சாமியிடம் கேட்க வந்தபோதுகூட, எதைக் கேட்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"இன்னொருக்கா வைப்பமோ ஐயா?" என்றான் கபிலன்.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் தம்பி. திருப்பிக் கேட்டால் அவரை நம்பேல்லை எண்டு அர்த்தம்."

அக்கா குனிந்து பையை எடுத்தாள். "அப்ப நாங்கள் வாறம். எனக்கு வந்தது சிவப்பு."

அவள் மண்டபத்தைத் தாண்டி நடந்தாள். கபிலன் தூணை விட்டு அசையவில்லை. "படமே வந்திட்டுது, இனி என்னத்தைப் போய்க் கேக்கிறது எண்டு இருந்திட்டன்" என்று இராசையா என்னிடம் முணுமுணுத்தார். என் அக்காவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவள் பின்னால் போக வேண்டியவளும் நான்தான்.

வாசற்படியில் சுகிர்தா எங்களை முந்திக்கொண்டு வந்து நின்றாள். தகப்பன் கையில் இருந்த தட்டு இப்போது அவள் கையில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்.

"மாமி, கொஞ்சம் நில்லுங்கோ."

மாமி என்ற சொல்லில் அக்கா நின்றாள்.

"அம்மா இருந்திருந்தா அவதான் உங்கட வீட்டுக்கு வந்திருப்பா. அப்பாக்குக் கதைக்க வராது. அதால நானே கேக்கிறன். உங்கட மகனை எனக்குத் தாங்கோ."

தட்டை நீட்டினாள். பாக்கு ஒன்று உருண்டது.

"பொம்பிளைப் பிள்ளை தானே வந்து கேக்கிறதோ?" என்றாள் அக்கா.

"இல்லை மாமி. ஆனா ஒருத்தரும் கேக்காம விட்டது அதைவிடப் பிழை."

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தந்தால் அவன் எங்க இருப்பான்?"

நாலு மாதமாக அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி அது. கிழக்கில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பான். பின்னால் வந்து நின்ற கபிலன், "அம்மா, அது..." என்று தொடங்கினான்.

"நீ வாயை மூடு. கேட்டது அவ."

"இஞ்சதான் மாமி" என்றாள் சுகிர்தா. "என்ட வேலையும் இஞ்ச, அப்பாவும் இஞ்ச. வவுனியாவில வந்து இருப்பம் எண்டு பொய் சொல்ல ஏலாது."

நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். கெட்டது காரியம் என்று நினைத்தேன். அக்கா படியில் குந்திவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, சந்தையில் மரக்கறிக்காரியிடம் கேட்கும் குரலில் கேட்டாள்.

"பொங்கலுக்கு?"

"உங்கட வீட்ட வருவம்."

"பானை ஆர் வைக்கிறது?"

"நீங்க வையுங்கோ. நான் அரிசி போடுறன்."

"சித்திரை வருசத்துக்கு?"

"அதுக்கு வர ஏலாது மாமி. அப்பாவும் தனிய."

அக்கா திரும்பி இராசையாவைப் பார்த்தாள். தன்னைப் போல் இன்னொருவர் அங்கே நிற்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது போலும். "நத்தார் லீவுக்கு?"

"லீவு முழுக்க உங்களோட."

"லீவு முழுக்க" என்று அக்கா திருப்பிச் சொன்னாள். "கடற்கரைக்கு ஓடிப்போகாமல்."

சுகிர்தா தலையசைத்தாள். அக்கா எழும்பாமலே இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். கபிலன் அவள் காலடியில் குந்தி அழுதான். அவள் அவன் தலையில் குட்டிவிட்டு, குட்டிய இடத்தைத் தடவினாள்.

மத்தியானம் இராசையா வீட்டில் சோறு, பூசணிக்காய்க் கறி, கீரை, எருமைத் தயிர். நிசார் நானாவும் எங்களோடு இருந்து சாப்பிட்டார். "அப்ப கேட்டுட்டாங்க" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஓம் என்றேன். திரும்பி வரும்போது தாழ்ந்த இடத்தில் அதே தண்ணீர் நின்றது. அக்கா வானுக்குள் நித்திரை.

டிசம்பர் 30, காலை ஏழு மணி. திருகோணமலை பஸ் நிலையம். கபிலன் பையை மேலே வைத்தான், இப்போது அதில் சாமிச் சாமான் இல்லை, தயிர்ச்சட்டி. யன்னலுக்கு வெளியே ஒரு மான் யாரோ எறிந்த வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. வவுனியாவில் கடலில்லை, மானில்லை. வாசலில் ஒருவரும் இதுவரை குந்தாத இரண்டு புதுக் கதிரைகள் இருக்கின்றன. இனி வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் அவை நிரம்பும். பஸ் நகர்ந்து, மகன் கை காட்டி மறையும்வரை அக்கா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டாள்.

"எங்க, அந்தப் படத்தைக் காட்டு."

கைபேசியைக் கொடுத்தேன். தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"முழங்கால் நனைஞ்சிருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த மான் அங்க நிண்டதோ?"

"ஓம்."

"மானுக்குச் சொல்லியிருக்கிறான். எனக்குச் சொல்லேல்லை."

பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் மூக்குக்கண்ணாடிக்குக் கீழால் இறங்கிக்கொண்டிருந்தது. "இதை எப்பிடிப் பெரிசாக்கிறது?" என்றாள். "அந்தப் பிள்ளையின்ர முகம் வடிவாத் தெரியேல்லை." விரலால் விரிக்கக் காட்டிக் கொடுத்தேன். ஹொரவப்பொத்தானை வரும்வரை அவள் கைபேசியைத் திருப்பித் தரவில்லை.